எவ்ரிஒன் – ஃபுல் கண்ட்ரோல்: அந்த டிக்கைப் போடும் முன்

"நேத்து வரைக்கும் திறந்துச்சு சார், இன்னிக்கு ஆக்சஸ் டினைட்னு வருது." நெட்வொர்க் வேலையில் இருப்பவர்கள் இதைக் கேட்காத வாரம் இருக்காது. அவசரத்தில் பலர், நெட்வொர்க்கில் பகிரப்படும் ஷேர் ஃபோல்டரில், எல்லோரையும் குறிக்கும் ‘எவ்ரிஒன்’ குழுவுக்கு ஃபுல் கண்ட்ரோல், அதாவது முழு அனுமதி, கொடுத்துவிடுகிறார்கள். கோப்பு திறந்துவிடும், சரி. ஆனால் அதற்குப் பிறகு யாராவது ஒருவருடைய கணினியில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) நுழைந்தாலே போதும், அவருடைய அனுமதியை வைத்தே அந்த ஃபோல்டர் முழுவதையும் பூட்டிவிடும். தயவுசெய்து அந்த டிக்கைப் போடாதீர்கள்.

விண்டோஸ் ஷேருக்கு இரண்டு பூட்டு. ஒன்று, நெட்வொர்க் வழியாக வருபவருக்கான ஷேர் பெர்மிஷன். இன்னொன்று, டிஸ்க்கில் உள்ள கோப்பு, ஃபோல்டர் மேலேயே வைக்கும் என்டிஎஃப்எஸ் பெர்மிஷன். நெட்வொர்க் வழியாக வருபவர் இரண்டையும் தாண்ட வேண்டும். எது இறுக்கமோ அதுதான் செல்லும். சர்வர் முன்னால் உட்கார்ந்து திறந்து பார்த்துவிட்டு "எனக்குத் திறக்கிறதே" என்றால் எதுவும் தெரியாது. அங்கே ஷேர் பெர்மிஷன் குறுக்கே வருவதே இல்லை.

ஒருமுறை, ஒரே ஃபோல்டரில் இருந்த எக்செல் கோப்புகளில் ஒன்று மட்டும் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குத் திறக்கவில்லை. அந்தக் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில், அனுமதிகளைக் காட்டும் செக்யூரிட்டி டேப்பில் பார்த்தால் மேலாளர் பெயரும் அட்மின் குழுவும் மட்டும் இருந்தன. ஒருவருக்கு உண்மையில் என்ன அனுமதி இருக்கிறது என்று காட்டும் எஃபெக்டிவ் ஆக்சஸில் அந்தப் பெண்ணின் பெயரைக் கொடுத்ததும் வரிசையாகச் சிவப்புக் குறிகள். விசாரித்தபோது, மேலாளர் அந்தக் கோப்பைத் தன் சொந்த ஃபோல்டரிலிருந்து கட் செய்து இங்கே ஒட்டியிருந்தது தெரிந்தது. ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் பழைய அனுமதியும் கூடவே வந்துவிடும். காப்பி செய்திருந்தால் புது ஃபோல்டரின் அனுமதியை எடுத்துக்கொண்டிருக்கும். அனுமதிகளை மாற்றும் ஐகேக்ல்ஸ் (icacls) கட்டளையை, ஃபோல்டரின் அனுமதியையே கோப்புக்குத் திரும்பக் கொடுக்கும் ரீசெட் (/reset) சேர்த்து அந்தக் கோப்புக்கு மட்டும் ஓட்டினேன். திறந்துவிட்டது. ஃபோல்டர் அனுமதியில் கை வைக்கவே இல்லை.

"குழுவில் சேர்த்தாச்சு, இன்னும் திறக்கலை" என்பது அடுத்த புகார். லாக் ஆஃப் செய்து மறுபடி உள்ளே வரச் சொல்லுங்கள். லாகின் நேரத்தில் கிடைத்த டோக்கனில்தான் (விண்டோஸ் தரும் அடையாளச் சீட்டு மாதிரி) குழுப் பட்டியல் இருக்கிறது, நடுவில் சேர்த்தது அதில் ஏறாது. அப்புறம், பழைய பாஸ்வேர்டு, விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் தங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நீக்கும்போதும் இதே கதைதான், அங்கேதான் ஆபத்து அதிகம். வேலையை விட்டுப் போனவரைக் குழுவிலிருந்து எடுத்தாலும், திறந்திருக்கும் இணைப்பில் பழைய அனுமதி ஓடிக்கொண்டே இருக்கும். சர்வரின் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் ஷேர்டு ஃபோல்டர்ஸ், அதற்குள் செஷன்ஸ் (திறந்திருக்கும் இணைப்புகளின் பட்டியல்) என்று போய், அவர் பெயரில் இருப்பதை அன்றைக்கே மூடிவிடுங்கள்.