பழைய கிளப் ஹவுஸில் டிரில் போடுவதற்கு முன்னால்

1950களிலும் 60களிலும் கட்டிய கோல்ஃப் கிளப் ஹவுஸ்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் என்னைப் போன்ற கட்டடப் பொறியாளர்களைத் தேடி வரும்போது, பெரும்பாலும் கையில் அழகான வரைபடம் ஒன்று இருக்கும். பாரை அகலப்படுத்த வேண்டும், லாக்கர் அறைக்குப் புதுத் தரை வேண்டும், 18-வது கிரீனை, அதாவது கடைசிக் குழி இருக்கும் புல்தரையைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி வேண்டும். எல்லாம் சரி. பழைய சீலிங்குக்கு மேலே என்ன இருக்கிறது, தரைக்கு அடியில் எதை வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்பது மட்டும் அந்த வரைபடத்தில் இருக்காது. என் கவலையெல்லாம் அதில்தான்.

இந்தக் கட்டடங்கள் எப்படி வந்தன என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு பல நாடுகளில் இரும்புக்கும் மரத்துக்கும் தட்டுப்பாடு. பிரிட்டனில் 1954 வரை கட்டட வேலைக்கே உரிமம் வாங்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய கிளப் ஹவுஸ்களில் பலவும் மரத்தில் கட்டியவை, தீப்பிடித்தால் மிச்சம் இருக்காது. அதனால் புதிதாகக் கட்டியவர்கள் தீப்பிடிக்காத, விலை குறைந்த, சீக்கிரம் பொருத்தக்கூடிய பொருளைத் தேடினார்கள், அன்றைக்கு ஆஸ்பெஸ்டாஸ் என்ற இழை இழையான கனிமம் இந்த மூன்றுக்கும் பொருந்தியது. அவர்கள் அலட்சியமாகக் கட்டினார்கள் என்று சொல்ல மாட்டேன். பாதுகாப்பு என்று நம்பித்தான் அதைப் போட்டார்கள்.

பாய்லர் அறைக் கதவின் உள்பக்கம், வெந்நீர்க் குழாயைச் சுற்றிய உறை, சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையில் உள்ள பலகை, கூரையின் விளிம்பு, இங்கெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். லாக்கர் அறைத் தரையை நான் தனியாகவே பார்ப்பேன். ஒன்பது அங்குலச் சதுர ஓடு, அதற்கு அடியில் கறுப்பாகத் தார்ப் பசை என்றால் இரண்டிலுமே ஆஸ்பெஸ்டாஸ் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உலோக ஆணி பதித்த ஷூக்களோடு பல வருடம் நடந்து தேய்ந்து, விளிம்பு உடைந்த ஓடுகள் அவை. முழுசாக ஒட்டியிருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. ஆனால் யாரோ ஒரு உறுப்பினர் செலவைக் குறைக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை நாலு பேரோடு வந்து, அதைப் பெயர்த்து, மெஷின் வைத்துத் தேய்த்தால் இழைகள் தூசியோடு காற்றில் கலந்துவிடும். மூச்சில் போன இழையால் வரும் நோய் தெரிய இருபது, நாற்பது வருடம்கூட ஆகும் என்பதால், அன்றைக்கு யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பது ஒரு ஆதாரமே இல்லை. பிரிட்டன் ஆஸ்பெஸ்டாஸின் நீல, பழுப்பு வகைகளை 1985-லும் வெள்ளை வகையை 1999-லும் தடை செய்தது. ஆஸ்திரேலியா 2003 கடைசியில் முழுத் தடை கொண்டுவந்தது. ஆனால் தடைக்கு முன்னால் போட்டது அப்படியேதான் இருக்கிறது.

அப்புறம் கூரை. அந்தக் காலத்தின் பெருமையே தட்டைக் கூரைதான், பிரச்சினையும் அதுவேதான். சில கட்டடங்களில் உயர் அலுமினா சிமெண்டில் வார்த்த உத்திரங்கள் இருக்கும். ஒரே நாளில் பலம் ஏறிவிடும் என்பதால் அதை விரும்பினார்கள். ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அதன் உள்ளமைப்பு மாறி, பலம் குறைந்துகொண்டே போகும். 1974-ல் லண்டனில் ஒரு பள்ளியின் நீச்சல் குளத்துக்கு மேலிருந்த கூரை இடிந்ததற்குப் பிறகுதான் இது பெரிதாகப் பேசப்பட்டது. கிளப் ஹவுஸில் குளியலறைகளுக்கு மேலே இருக்கும் உத்திரமும் அதே வெப்பத்திலும் ஈரத்திலும்தானே கிடக்கிறது? இன்னொன்று, காற்றுக்குமிழ் நிறைந்த இலேசான கான்கிரீட் பலகைகள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கான்கிரீட் போலவே தெரியும். மேலே நீர் தேங்கி உள்ளே இறங்கினால் முன்னெச்சரிக்கை இல்லாமலே முறியக்கூடியவை. இங்கிலாந்தில் 2018-ல் ஒரு தொடக்கப்பள்ளியில் இப்படி விழுந்தது, வார இறுதி என்பதால் குழந்தைகள் தப்பினார்கள். 2023-ல் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் கட்டடங்களை மூடச் சொன்னார்கள். அதனால் கூரையில் கறை தெரிந்தால் பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள். ஏசி யூனிட்டையும் சோலார் பலகையையும் அதன் மேல் ஏற்றுவதற்கு முன்னால் பலகை என்ன ரகம் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், சுரண்டாதீர்கள். பழைய வயரிங்கை முழுசாக மாற்றிவிடுங்கள்.

கோல்ஃப் மைதானத்தில் ஓட்டும் பேட்டரி வண்டிகளையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டடங்கள் பலவற்றின் வரைபடத்தில் அவற்றுக்கு இடமே கிடையாது, பிறகுதான் கீழ்த்தளக் கிடங்கில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியாகும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். அது மேலே ஏறும் வாயு, ஆகவே காற்றுப்போக்கி சீலிங்கை ஒட்டி இருக்க வேண்டும், கதவுக்குக் கீழே இடைவெளி விட்டால் மட்டும் பயனில்லை.

ஆய்வுக்குச் சொல்லும்போது ஒரு விஷயத்தைத் தெளிவாகக் கேளுங்கள். கண்ணில் படுவதை மட்டும் பார்த்து எழுதும் ஆய்வு அன்றாடப் பராமரிப்புக்குப் போதும், இடித்துக் கட்டும் வேலைக்குப் போதாது. உடைத்து, மாதிரி எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பும் ஆய்வுதான் வேண்டும். அது முடிந்து அறிக்கை கைக்கு வந்த பிறகு ஒப்பந்தக்காரரிடம் விலை கேளுங்கள், முதலிலேயே கேட்டால் அந்த விலை நிற்காது. அறிக்கையின் ஒரு பிரதியை பாய்லர் அறைச் சாவி வைத்திருப்பவரிடம் கொடுத்து வையுங்கள். குழாய் ஒழுகுகிறது என்று அவசரமாகக் கூப்பிட்டு வரும் பிளம்பர் எந்தச் சுவரைக் குடையக் கூடாது என்று அவர்தான் சொல்ல முடியும்.