மயிலைத் திருப்பி வைத்தால் அது உங்கள் வடிவமைப்பு ஆகிவிடாது

இந்த ஆண்டும் அதே செய்தி வந்துவிட்டது. பாளையங்கோட்டையில் என்னிடம் கொக்கி ஊசியால் தைக்கும் ஆரி எம்பிராய்டரி வேலை கற்றுக்கொண்ட ஒரு பெண் பல மாதங்கள் கண்விழித்துத் தைத்து, எம்பிராய்டரி வடிவமைப்புப் போட்டி ஒன்றுக்கு அனுப்பிய படைப்பு, நடுவர்களின் மேசைக்கே போகாமல் நீக்கப்பட்டிருக்கிறது. அந்த மயிலும் அதைச் சுற்றிப் படர்ந்த கொடியும் வேறொரு கலைஞரின் இணையப் பக்கத்தில் ஏற்கெனவே இருப்பவை என்பதே காரணம். விவரம் கேட்க வந்த அந்தப் பெண்ணின் தாயார், "மயில திருப்பித்தான வச்சிருக்கு, கலரும் வேற போட்டிருக்கு, பொறவு எப்படி காப்பின்னு சொல்லுதாங்க?" என்று என்னிடமே கோபப்பட்டார். இந்தக் கேள்வியை ஆண்டுதோறும் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்கள். இனி கேட்பவர்களுக்கு இந்தக் கட்டுரையையே கையில் கொடுத்துவிடலாம் என்று எழுதுகிறேன்.

முதலில், எந்தப் போட்டி எதைக் கேட்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். கைவினைஞர்களுக்கு மத்திய அரசு வழங்கும் தேசிய விருது போன்றவற்றில் கைத்திறனுக்குப் பெரிய இடம் உண்டு. தலைமுறைகளாக வந்த வேலையை எவ்வளவு நேர்த்தியாகச் செய்கிறீர்கள் என்பதை அங்கே பார்ப்பார்கள். வடிவமைப்புப் போட்டியின் போக்கு வேறு. லண்டனில் 1767இல் தொடங்கிய தையற்கூடத்தை மூலமாகக் கொண்ட ஹேண்ட் அண்ட் லாக் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலிருந்து எம்பிராய்டரிக்கென ஒரு பரிசுப் போட்டியை நடத்திவருகிறது. ஃபேஷன், டெக்ஸ்டைல் ஆர்ட் என்று இரண்டு பிரிவுகள், அவை ஒவ்வொன்றிலும் மாணவர்களுக்குத் தனியாகவும் மற்றவர்களுக்குத் தனியாகவும் இடம் என்பது அதன் அமைப்பு. இத்தகைய போட்டிகள் ஒரு கருப்பொருளைக் கொடுத்து, அதை நீங்கள் எப்படி உள்வாங்கினீர்கள், எங்கே தேடினீர்கள், எதை வரைந்து பார்த்தீர்கள், எதைக் கைவிட்டீர்கள், கடைசியில் அது ஏன் இந்தத் தையலில் வந்து நின்றது என்று கேட்கின்றன. ஃபேஷன் பிரிவு என்றால் உடலில் அணியும்போது அந்த வேலை எப்படி அசைகிறது, எங்கே கனக்கிறது என்பதும் கேள்வி. டெக்ஸ்டைல் ஆர்ட் என்றால் அணிய வேண்டிய கட்டாயமே இல்லை. சுவரில் தொங்கலாம், தரையில் கிடக்கலாம். இந்த வேறுபாட்டைக்கூடப் பாராமல், முகூர்த்தத்துக்குத் தைத்த பிளவுஸின் கைப்பகுதியைச் சட்டம் போட்டு டெக்ஸ்டைல் ஆர்ட் பிரிவுக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

கல்லும் மணியும் கூடினால் பரிசு கிடைக்கும் என்ற எண்ணத்தைப் பற்றி நீட்டிப் பேச விரும்பவில்லை. கல்யாண பிளவுஸில் குந்தன் ஸ்டோனின் எண்ணிக்கைக்குக் கூலி உண்டு, போட்டியில் இல்லை.

என்னை உண்மையில் சலிப்படையச் செய்வது அந்த மற்றொரு நம்பிக்கை. 'முப்பது சதவீதம் மாற்றிவிட்டால் நம்முடையது' என்று ஒரு கணக்கு நம் பயிற்சி வகுப்புகளில் உலவுகிறது. சில இடங்களில் அது இருபது சதவீதமாகவும், சில இடங்களில் 'மூன்று மாற்றம்' என்றும் உருமாறுகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை முதல் பிரிவிலிருந்து கடைசிப் பிரிவு வரை புரட்டினாலும் இப்படி ஒரு சதவீதம் எங்கும் இல்லை. ஒரு மயிலில் முப்பது சதவீதம் என்பதை எப்படி அளப்பீர்கள்? தோகையின் பரப்பைக் கொண்டா, தையல்களின் எண்ணிக்கையைக் கொண்டா? ஒரு படைப்பு நகலா இல்லையா என்பதற்கு 1978இல் உச்ச நீதிமன்றம் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் ஓர் அளவுகோலைச் சொன்னது. இரண்டையும் கண்ட பார்வையாளருக்கு, பின்னது முன்னதன் நகல் என்ற ஐயமற்ற எண்ணம் ஏற்படுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம். கருத்து யாருக்கும் சொந்தமில்லை, அதை வெளிப்படுத்திய விதமே சொந்தம் என்பதையும் அதே தீர்ப்பு தெளிவாக்கியது. ஆகவே மயில் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் கழுத்தை இந்த வளைவில் திருப்பி, அலகிலிருந்து மூன்று இலைகளைத் தொங்கவிட்டு, தோகையைக் கொடியாக மாற்றி ஓரத்தில் ஓடவிட்ட அந்த மயில், அதை வரைந்தவருக்குச் சொந்தம். அவருடைய ஆயுட்காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். வலம் இடமாகத் திருப்புவதும், பச்சைக்குப் பதில் நீல நூலை இடுவதும், அலகில் மூன்று இலைக்கு நான்கு இலை வைப்பதும் அந்த வளைவை உங்களுடையதாக்கிவிடாது. பின்டரெஸ்டில் யாரும் பெயர் போடாமல் கிடந்த படம்தானே என்பீர்கள். பெயர் இல்லாத படத்தை வரைந்தவரும் ஒரு மனிதர்தான். நடுவர்கள் கூகுள் லென்ஸில் படத்தைக் காட்டினால் அவருடைய பெயர் வந்து நிற்கக்கூடும்.

சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டே பார்ப்போம். வழக்கே வராது என்று வைத்துக்கொண்டாலும், வடிவமைப்பைப் பார்க்க வந்தவரிடம் வேறொருவரின் வடிவமைப்பைக் காட்டி, 'இதில் என்னுடைய பங்கு நிறம்' என்று சொன்னால், அவர் உங்களுக்கு எதற்காக மதிப்பெண் போடுவார்?

இதில் மாணவிகளைவிட எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கே பொறுப்பு அதிகம். வகுப்பில் சேர்ந்த அன்றே ஒரு டிசைன் ஆல்பத்தையும் துளையிட்ட ட்ரேசிங் பேப்பர்க் கட்டையும் கையில் கொடுத்துவிடுகிறோம். மண்ணெண்ணெயில் கரைத்த பொடியைத் தேய்த்துத் துணியில் அச்சை இறக்குவதுதான் அவர்கள் அறிந்த 'டிசைன் போடுதல்'. பென்சிலால் ஒரு பூவைப் பார்த்து வரைந்தே இராத ஒரு பெண் திடீரென்று வடிவமைப்பாளராக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. சங்கிலித் தையல் சீராக வருவதற்கு எத்தனை நாள் பழக்குகிறோமோ, அதில் பாதியையாவது வரைவதற்கு ஒதுக்கச் சொல்லி உடன் பணியாற்றும் ஆசிரியைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

'அப்படியானால் பாரம்பரிய உருக்களைத் தொடவே கூடாதா?' என்று அடுத்த கேள்வி வரும். தாராளமாகத் தொடலாம். மாங்காய், அன்னம், உருத்திராட்சம், தாழம்பூ ரேக்கு ஆகியவை பொதுச்சொத்து. அவற்றை நீங்கள் எப்படி அடுக்குகிறீர்கள் என்பதே உங்களுடையது. ஆனால் ஒரு பொருள் குறிப்பிட்ட பகுதிக்கே உரியது என்று அங்கீகரிக்கும் புவிசார் குறியீட்டைப் பெற்றவற்றில் கவனம் தேவை. நீலகிரியின் தோடர் பூந்தையல் 2013இலும், நம் வீரவநல்லூரின் செடிபுட்டாச் சேலை 2023இலும் அக்குறியீட்டைப் பெற்றன. சிவப்பும் கறுப்பும் கோத்துத் தைத்துவிட்டு, விளக்கக் குறிப்பில் 'தோடர் எம்பிராய்டரி' என்று பெயர் சூட்டுவது தவறு. அது அந்த மக்களின் கையிலிருந்து வரும்போது மட்டுமே அந்தப் பெயருக்கு உரியது. செடிபுட்டாவில் வேறொரு குழப்பமும் நடக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ஊசி வேலை போலத் தோன்றும் அந்தச் செடியும் புட்டாவும் தறியிலேயே நெய்யப்படுபவை. அதைப் 'பாரம்பரிய எம்பிராய்டரி' என்று எழுதி அனுப்பிய குறிப்பு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். துணி தெரிந்த எந்த நடுவரும் அந்த வரியோடு கோப்பை மூடிவிடுவார்.

சொந்தமாக எங்கே தேடுவது என்று மலைக்க வேண்டியதில்லை, நம் சீமையில் பஞ்சமே கிடையாது. பத்தமடைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி தொடக்கத்தில் அன்னப்பட்சியைத்தான் கொண்டுவந்தார். வீட்டில் என்ன தொழில் என்று கேட்டதற்குப் பாய் முடைவது என்று கூச்சத்தோடு சொன்னார். அந்தக் கோரையையே வரைந்துவரச் சொன்னேன். முதலில் கோரைக் கட்டு, அடுத்துச் சாயத்தில் தோய்ந்து பாதி நிறம் ஏறிய கோரைத் தண்டு, பிறகு கிழித்த கோரையின் மெல்லிய விளிம்பு, கடைசியில் பாவு நூல் கோரையை அமுக்கும் இடத்தில் விழும் சிறு பள்ளம் என்று பக்கம் பக்கமாக வரைந்தார். அந்தப் பள்ளத்தைத் துணியில் எப்படிக் கொண்டுவருவது என்ற கேள்வி வந்தபோது, தடித்த நூலைத் துணியின் மேல் கிடத்தி, மெல்லிய நூலால் இடைவெளி விட்டு அமுக்கித் தைக்கும் முறையை அவரே எடுத்துக்கொண்டார். சாயம் ஏறாத பகுதிக்குத் தையலே இடாமல் துணியை வெறுமையாக விட்டது அந்த மாதிரியின் சிறந்த முடிவு என்பேன். அதில் ஒரு கல்கூட இல்லை. 'இதை எங்கே பார்த்து எடுத்தீர்கள்?' என்று யார் கேட்டாலும் வரைபட நோட்டை முதல் பக்கத்திலிருந்து திறந்து காட்டுவதற்கு அவரிடம் பதில் இருக்கிறது.

கால்டுவெல்லின் மனைவி எலைசா 19ஆம் நூற்றாண்டில் இடையன்குடிப் பெண்களுக்குக் கற்பித்த லேஸ் பின்னலும் இங்கேதான் இருக்கிறது. அந்தப் பக்கத்து வீடுகளின் பழைய பெட்டிகளைத் திறந்து பார்க்காமல் பிள்ளைகள் கைப்பேசியைத் திறக்கிறார்கள் என்பது என் ஆற்றாமை. அங்கும் எச்சரிக்கை ஒன்றுதான்: பாட்டியின் லேஸை அப்படியே ஊசியில் பெயர்க்காதீர்கள். அதிலிருக்கும் ஓட்டைகளின் ஒழுங்கைப் பாருங்கள், அதிலிருந்து வேறொன்றை வரையுங்கள்.

வேலை முடிந்த பிறகு கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இவற்றை வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள். துணியின் பின்பக்கத்தை நடுவர்கள் திருப்பிப் பார்ப்பார்கள். முடிச்சுகளும் தொங்கும் நூல்களும் இருந்தால் முன்பக்கத்தின் அழகு அவர்களுக்கு நினைவில் நிற்காது. பசை போட்டு ஒட்டிய கல்லை எம்பிராய்டரி என்று எழுதாதீர்கள். கணினி எம்பிராய்டரி இயந்திரத்தில் ஓட்டிய பகுதி இருந்தால் அதை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். பல போட்டிகள் இயந்திர வேலையை ஏற்கின்றன, மறைப்பதை எந்தப் போட்டியும் ஏற்பதில்லை. ட்ரேசிங் பொடியின் தடம் தெரியும் துணியையும், துணியை மாட்டித் தைத்த சட்டத்தின் அழுத்தம் வளையமாகப் பதிந்த துணியையும் படம் எடுக்காதீர்கள். படத்தை வெயில் நேராக விழாத காலை வெளிச்சத்தில், பக்கவாட்டு ஒளியில் எடுங்கள். நேர் ஒளியில் ஜரி முழுவதும் வெள்ளைத் திட்டாகிவிடும், தையலின் மேடு பள்ளம் தெரியாது. ஃபில்டர் வேண்டவே வேண்டாம்.

விதிமுறைகளைப் படியுங்கள். தயவுசெய்து படியுங்கள். நுழைவுக் கட்டணம் உண்டா, வந்த படைப்பு திரும்பக் கிடைக்குமா, அதற்கான அஞ்சல் செலவு யாருடையது, அனுப்பிய வடிவமைப்பை நடத்துபவர்கள் எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்ற நான்கையும் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. படத்தை விளம்பரத்துக்கு வெளியிடுவோம் என்று கேட்பது இயல்பானது. 'அனுப்பப்படும் வடிவமைப்புகள் அனைத்தும் எங்களுக்கே உரியவை' என்று எழுதியிருந்தால் அதைப் பரிசுப் போட்டியாகக் கருதாதீர்கள், அது இலவசமாக டிசைன் சேகரிக்கும் வழி. வாட்ஸ்அப்பில் வருகிற, கலந்துகொள்ளும் எல்லாருக்கும் கோப்பை என்று சொல்கிற, நடுவர் யார் என்று சொல்லாத போட்டிகளைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கோப்பைக்கு நீங்களே விலை கொடுத்திருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் பெரும்பாலோர் தாமதமாகத்தான் கேட்கிறார்கள். போட்டிக்கு அனுப்பும் வடிவத்தையே பின்னால் நிறைய துணிகளில் தயாரித்து விற்கும் எண்ணம் இருந்தால், அனுப்புவதற்கு முன்பே 2000ஆம் ஆண்டின் டிசைன்ஸ் சட்டத்தின்கீழ் பதிவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். முதலில் 10 ஆண்டுகள், புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. ஏற்கெனவே பொதுவெளியில் வெளியான வடிவத்தைப் பதிவு செய்ய முடியாது என்கிறது அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு. மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகளுக்கு மட்டும் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. உங்கள் போட்டி அதில் சேருமா என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். பதிவு செய்யாமல் விட்ட வடிவத்தைத் தொழில்முறை உற்பத்தியில் 50 தடவைக்கு மேல் பெருக்கிவிட்டால், பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி அந்த உரிமையும் போய்விடும். இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடுவதும் வெளியிடுவதுதான். பதிவுக்கு விண்ணப்பிக்கும்வரை அந்த ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மயிலை வரைந்ததோடு நிற்காமல் உண்மையான மயிற்பீலியையே வைத்துத் தைக்கும் பழக்கம் இப்போது பரவுகிறது. மயிற்பீலியும் அதனால் செய்த கைவினைப் பொருள்களும் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்யத் தடை செய்யப்பட்டவை. கீழே உதிர்ந்து கிடந்ததைத்தான் எடுத்தோம் என்ற விளக்கம் சுங்கத்தில் எடுபடாது. பொன்வண்டின் சிறகையும் விட்டுவிடுங்கள். அந்நிய நாட்டு எல்லையில் பூச்சியின் பகுதி எதுவானாலும் பொட்டலத்தை நிறுத்திவைக்கக் காரணமாகிவிடும். துணியை மடிக்காமல் உருளையில் சுற்றி, ஜரிக்கும் ஜரிக்கும் நடுவில் மெல்லிய வெள்ளைத் தாள் வைத்து, பொருள் விவரச் சீட்டில் நூல் எது, துணி எது, மணி எது என்று தனித்தனியாக எழுதுங்கள். 'கிஃப்ட்' என்று எழுதச் சொல்லும் அண்ணாச்சியின் பேச்சைக் கேட்காதீர்கள். கடைசித் தேதி என்பது அங்கே பொட்டலம் கைக்குச் சேர வேண்டிய நாள். திருநெல்வேலித் தலைமை அஞ்சலகத்தில் ரசீது வாங்கிய நாளை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.