மலையிறங்கும்போதே வரும் குமட்டல்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் பெரியம்மா சின்ன வயதிலிருந்தே அந்த பஸ்ஸில் போய் வருகிறவர், ஒரு நாளும் வாந்தி எடுத்ததில்லை. மார்பகப் புற்றுநோய்க்காக மூன்றாவது கீமோவுக்குப் போன அன்று, பஸ் அடிவாரத்தைத் தொடும் முன்பே அவருக்குக் குமட்ட ஆரம்பித்தது. ஊசி போட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

"மனசைத் தைரியமா வச்சுக்கோங்க" என்றார்கள் எல்லோரும். தைரியக் குறைவால் வந்ததல்ல அது. கீமோ மருந்து பட்டதும் குடல் சுவரிலுள்ள சில செல்கள் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை வெளியே விடுகின்றன. வேகஸ் நரம்பு அந்தச் செய்தியை மூளைக்குக் கொண்டுபோக, வாந்தி வருகிறது. முதல் இரண்டு முறை இது கடுமையாக இருந்துவிட்டால், அதோடு சேர்ந்து வந்த பஸ், வளைவு, ஆஸ்பத்திரி வாசனை எல்லாவற்றையும் மூளை ஒரே முடிச்சாகப் போட்டு வைத்துக்கொள்கிறது. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் சோதனையில் நாய்க்குச் சோறு வரும் முன்பே எச்சில் ஊறியதும் இப்படித்தான். செரட்டோனினைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான் போன்ற மாத்திரைகள் இந்தப் பழகிய குமட்டலுக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. அதனால் முதல் கீமோவிலேயே வாந்தியை அடக்குவதுதான் முக்கியம்.

சரி, நம்பிக்கைக்கு இதில் வேலையே இல்லையா? இருக்கிறது. 1978-இல் பல் பிடுங்கியவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. மருந்தே கலக்காத வெறும் போலி மருந்திலேயே சிலருக்கு வலி குறைந்தது. உடலின் சொந்த அபின் போன்ற பொருட்களைத் தடுக்கும் நலோக்சோனைக் கொடுத்ததும் அவர்களுக்கு வலி கூடியது. வலி குறையும் என்ற எதிர்பார்ப்பே உடலுக்குள் மருந்தைச் சுரக்க வைக்கிறது என்பதற்கு அது சான்று. ஆனால் நம்பிக்கை கட்டியைக் கரைப்பதில்லை. தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து 2007-இல் வெளியான ஆய்வில், மனநிலைக்கும் ஆயுளுக்கும் தொடர்பு தெரியவில்லை. "மனசு விட்டுட்டா, அதான் நோய் முத்திருச்சு" என்று யாரைப் பற்றியும் சொல்லாதீர்கள். அது பொய், கொடுமையும்கூட.

உளவியலாளர் ஸ்னைடர், போய்ச் சேர ஓர் இடம், அதற்கு வழி, நடக்கத் தெம்பு, இந்த மூன்றும் சேர்ந்ததே நம்பிக்கை என்றார். வலியும் களைப்பும் குமட்டலும் முதலில் தின்பது அந்தத் தெம்பைத்தான். அதனால் தொந்தரவைச் சொல்லச் சொல்ல வேண்டும், சொன்னதும் யாராவது கவனிக்க வேண்டும். நோய் பரவிய நிலையில் கீமோ எடுத்த 766 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. தொந்தரவுகளைக் கணினி வழியே அவ்வப்போது தெரிவித்தவர்களில் பாதிப் பேர் 31 மாதத்துக்கு மேலும், வழக்கமான முறையில் இருந்தவர்களில் பாதிப் பேர் 26 மாதத்துக்கு மேலும் வாழ்ந்தார்கள். முன்னவர்களுக்குத் தொந்தரவு முற்றினால் உடனே நர்ஸுக்குத் தகவல் போனது.

பெரியம்மாவுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தோம். தினமும் ராத்திரி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எண் போடுவார்: குமட்டல் 8, களைப்பு 7. நோட்டைப் பார்த்து டாக்டர் மாத்திரையை மாற்றினார். ஊசிக்குப் பிந்தைய குமட்டல் 3-க்கு இறங்கியது. பஸ் குமட்டல் அதற்கு அப்புறமும் கொஞ்ச நாள் இருந்தது. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகலாமா என்று அவராகவே கேட்டார். ஊசி போட்ட இரண்டாவது வாரம் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும், கூட்டம் வேண்டாம், மூன்றாவது வாரம் என்றால் போகலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா காலண்டரை எடுத்து நாள் எண்ண உட்கார்ந்தார்.