சர்க்காடியன் ரிதம்: தமிழில் ‘நாளொட்டிய சுழற்சி’

பதின்ம வயதினரின் தூக்கத்தைப் பற்றி யார் எழுதினாலும் ‘சர்க்காடியன் ரிதம்’ வந்துவிடுகிறது. பக்கத்தில் ‘உயிரியல் கடிகாரம்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. கடிகாரம் என்பது கருவி: மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு திரள். ரிதம் என்பது அது நடத்தும் ஓட்டம்: உறக்கம், விழிப்பு, உடல் வெப்பம், ஹார்மோன்களின் ஏற்ற இறக்கம்.

1959இல் ‘சர்க்காடியன்’ என்ற சொல்லை உருவாக்கியவர் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஃபிரான்ஸ் ஹால்பெர்க். லத்தீனில் ‘சிர்கா’ என்றால் ஏறத்தாழ, ‘டியெஸ்’ என்றால் நாள். விஷயம் சொல்லைவிட மிகப் பழையது. 1729இல் பிரெஞ்சு அறிஞர் தெ மேரான் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்தார். வெயில் படாமலே அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் மூடின. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குகை வௌவால்களிடம் ஆராய்ந்ததும் இந்த ஓட்டத்தைத்தான்.

‘ஏறத்தாழ’ என்பது அலங்காரத்துக்கு ஒட்டிய முன்னொட்டு அல்ல. மனித உடலின் உள் ஓட்டம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளமானது. ஒவ்வொரு நாளும் அதை இழுத்துச் சரிசெய்வது வெளிச்சம். விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட அணுக்கள் இதற்கென்றே உள்ளன. நீல ஒளியில்தான் அவை மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. கைப்பேசித் திரையில் அந்த நீலம் தாராளம். இரவில் அது கண்ணில் பட்டால், இருட்டை உடலுக்கு அறிவிக்கும் மெலடோனின் தாமதமாகச் சுரக்கிறது.

பழி முழுவதையும் திரைமேல் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பருவமடையும் வயதில் இந்த ஓட்டம் தானாகவே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் இதை 1990களிலேயே, ஸ்மார்ட்ஃபோன் வருவதற்கு முன்பே, காட்டிவிட்டார். 2015இல் வெளியான ஓர் ஆய்வில் இளைஞர்கள் படுக்கும் முன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் படித்தார்கள். அச்சுப் புத்தகம் படித்த இரவுகளைவிடத் தூக்கம் வரச் சுமார் 10 நிமிடமே கூடுதலாயிற்று. ஆனால் உடலின் ஓட்டம் ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. பள்ளிக்கூட மணி அப்படிப் பின்தங்குவதில்லை. ஆனால் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2022இல் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டத்தை நடைமுறைப்படுத்தியது.

தமிழில் ‘தினசரிச் சுழற்சி’ என்றால் ‘ஏறத்தாழ’ விடுபட்டுப்போகிறது. பால்காரர் வருவதும் தினசரிதான். ‘நாளொட்டிய சுழற்சி’ என்பதே என் தேர்வு. ‘ஒட்டிய’ என்றால் நெருங்கிய, அச்சாக அதே அளவல்ல. கருவியைச் சொல்லும்போது ‘உடற்கடிகாரம்’ போதும். இதன் உறவுச் சொற்களுக்கும் இவ்வழியில் பெயரிடலாம்: தூக்கத்தில் சுமார் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை திரும்பும் கட்டங்களைப் போன்ற ‘அல்ட்ராடியன்’ ஓட்டம் நாளுட்பட்ட சுழற்சி, மாதவிடாய் போன்ற ‘இன்ஃப்ராடியன்’ ஓட்டம் நாள்கடந்த சுழற்சி.