நாற்காலி வாங்குவதற்கு முன்

"எந்த நாற்காலி வாங்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள், போதும்." வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் கழுத்து வலி, இடுப்பு வலி என்று என் பிசியோதெரபி அறைக்கு வந்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். போன வாரம் வந்தவர் அதற்கும் ஒரு படி மேலே. விலை உயர்ந்த நாற்காலியை ஏற்கெனவே வாங்கிவிட்டார். வலி போகவில்லை என்ற கோபத்தோடு வந்திருந்தார். மென்பொருள் வேலை, முப்பதைத் தாண்டாத வயது. வலது முழங்கையின் தோல் கறுத்துத் தடித்திருந்தது. "தினமும் எப்படி உட்காருவீர்கள், இந்தக் கட்டிலில் காட்டுங்கள்" என்றேன். தலையணையை இரண்டாக மடித்து முதுகுக்கு வைத்தார், காலை நீட்டினார், தொடையில் லேப்டாப் இருப்பதுபோல் கையை வைத்தார். தாடை நெஞ்சைத் தொட்டது. அப்படியே வலது முழங்கையை ஊன்றிச் சாய்ந்துகொண்டார். அப்போது நாற்காலி? "அது மீட்டிங்குக்கு மட்டும்." கைபேசியில் அன்றைக்கு எத்தனை அடி நடந்திருக்கிறார் என்று பார்க்கச் சொன்னேன். மாலை ஐந்து மணி, அறுநூறைத் தொடவில்லை. அதில் பாதி என் அறைக்கு வந்த நடை.

இவராவது கட்டிலில் சாய்கிறார். என்னை அதிகம் சோதிப்பவர்கள் "நான் நேராகத்தான் உட்காருகிறேன், அப்புறம் ஏன் வலிக்கிறது?" என்று கேட்பவர்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் முதுகு வலிக்காது என்பதை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, சின்ன வயதிலிருந்தே எல்லோர் மனதிலும் ஊறிக் கிடக்கிறது. இதை நம்பித்தான் தோளை இழுத்துக் கட்டும் பெல்ட்டும், குனிந்தால் அதிரும் கருவியும் வாங்குகிறார்கள். தயவுசெய்து கேளுங்கள்: எப்போதும் இருப்பதற்கென்று ஒரு சரியான நிலை கிடையாது. தொண்ணூறு டிகிரியில் முழங்கால், தொண்ணூறு டிகிரியில் இடுப்பு என்று அளந்துவைத்து மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தாலும் வலிக்கத்தான் செய்யும். ஒரே அளவில் இறுகியிருக்கும் தசைக்கு ரத்த ஓட்டம் சரியாகப் போகாது. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகளின் (டிஸ்க்) நிலைமை இன்னும் மோசம். பெரியவர்களின் வட்டுகளுக்குள் ரத்தக் குழாய்களே ஏறக்குறைய கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து மெல்லக் கசிந்து வருவதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. பஞ்சை அமுக்கி விடுவதுபோல, பாரம் ஏறி இறங்கினால்தான் அதற்குள் நீர் போய்வரும். அதனால் கொஞ்சம் கூனி உட்காருவது குற்றமில்லை, சாய்வது குற்றமில்லை, காலை மடக்கிக்கொள்வதும் குற்றமில்லை. எதிலும் அரை மணி நேரத்துக்கு மேல் தங்காதீர்கள், அவ்வளவுதான். நல்ல நாற்காலியில் ஓர் ஆபத்துகூட உண்டு: சுகமாக இருந்தால் எழுந்திருக்கத் தோன்றாது.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. தொழிலால் வரும் நோய்களைப் பற்றி 1700-இல் எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி, எழுத்தர்களின் தொல்லைக்கு மூன்று காரணங்கள் சொன்னார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி அசைத்துக்கொண்டே இருப்பது, தப்பு வந்துவிடுமோ என்று மனத்தை இறுக்கிக்கொள்வது. இறகுப் பேனாவை எடுத்துவிட்டு மௌஸை வைத்தால் நம் கதைதான். 1953-இல் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் குழுவினர் லண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளில் வேலை செய்தவர்களை ஆராய்ந்தார்கள். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு. (ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்றளவு ஆரம்பத்திலேயே அதிகம் என்பது சீருடை அளவுகளிலிருந்து பின்னால் தெரியவந்தது. ஆகவே முழுப் பழியையும் இருக்கையின் மேல் போட முடியாது. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் அசைவின் பக்கம்தான் நிற்கின்றன.)

அலுவலகம் போனபோது பேருந்து நிறுத்தம், மாடிப்படி, மீட்டிங் அறை, பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒரு சந்தேகம் என்று கணக்கில் வராத நடை ஒன்று இருந்தது. அதை யாரும் உடற்பயிற்சி என்று நினைக்கவில்லை. வீட்டில் அது போய்விட்டது. எழுந்திருக்கச் சொல்ல ஆளில்லை. "மாலையில் ஜிம்முக்குப் போகிறேனே" என்பார்கள். நல்லது, விடாதீர்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. அதே அறிக்கைதான் உட்காரும் நேரத்தையும் குறைக்கச் சொல்கிறது. முதல் பாதியை மட்டும் படித்தால் எப்படி?

எழுந்திருங்கள் என்றால் உடனே வரும் பதில், "எழுந்தால் கவனம் போய்விடும்." இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பாதியில் விட்ட வேலையை மனம் சுமந்துகொண்டே அடுத்ததற்குப் போகிறது என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் காட்டினார். எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் என்ன செய்யவேண்டும் என்று குறித்துவைத்தால் அந்தப் பாரம் குறைகிறது என்பதும் அவருடைய பிற்கால ஆய்வில் தெரிந்தது. ஆக, எழும் முன் ஒரு வரி எழுதுங்கள். "மூன்றாம் பத்தியில் எண்களைச் சரிபார்க்க வேண்டும்" என்பதுபோல. பிறகு நடங்கள். எழுந்த கையோடு கைபேசியை எடுத்து விரலால் தள்ள ஆரம்பித்தால் அது ஓய்வு இல்லை, இன்னொரு திரை. வேலை நேரத்தில் அதை வேறு அறையில் வையுங்கள். அழைப்பு வந்தால் எழுந்து போய் எடுங்கள், நடந்ததாகவும் இருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியிருப்பதால் கழுத்து அல்லது தோள், இரண்டில் ஒன்று அடிபடும். தனி விசைப்பலகையும் மௌஸும் வாங்கி, லேப்டாப்பை நாலு தடித்த புத்தகங்களின் மேல் ஏற்றுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும். இருபார்வைக் கண்ணாடி போடுபவர்கள் மட்டும் சற்றுத் தாழ்த்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கீழ்க்கண்ணாடி வழியாகப் பார்க்கத் தாடையைத் தூக்கித் தூக்கியே கழுத்து பிடித்துக்கொள்ளும். கண் எரிந்தால் கண்ணைச் சிமிட்டுங்கள், திரையைப் பார்க்கும்போது நாம் சிமிட்டுவதே குறைந்துவிடுகிறது. கேட்க மட்டும் செய்யும் மீட்டிங்குகளை நின்றுகொண்டு கேளுங்கள்.

குளித்து, உடை மாற்றி, வாசலுக்கு வெளியே பத்து நிமிடம் நடந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முடிந்ததும் அதே பத்து நிமிடம். இது உடம்புக்கு மட்டுமல்ல, நாள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மூளைக்கும் தெரியவேண்டும். கட்டிலில் வேலை வேண்டவே வேண்டாம். படுத்தவுடன் வேலை ஞாபகம் வருகிறது, தூக்கம் வரவில்லை என்றால் வேறென்ன வரும்? தூக்கத்தைக் கெடுக்கும் இன்னொன்று காபி. அதிலிருந்து உள்ளே போன கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரமாகும். மாலை ஆறு மணிக் காபி பதினொரு மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கும்.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "வீட்டில்தானே இருக்கிறாய்" என்று நிமிடத்துக்கு ஒரு வேலை சொன்னால், அவர் விட்ட வேலையை நள்ளிரவில் முடிப்பார். அறைக்கதவு மூடியிருந்தால் அவர் அலுவலகத்தில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, காலில் பலம் குறைந்தாலோ இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அவசர சிகிச்சைக்குப் போங்கள். ஒரு கால் மட்டும் கெண்டைப் பகுதியில் வீங்கி வலித்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

இதெல்லாம் இல்லாமல் வெறும் வலி என்றால், நீங்களாகவே எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டு வராதீர்கள். வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களில்கூடச் சுமார் 30 சதவீதம் பேருக்கு வட்டு பிதுங்கியிருப்பது படத்தில் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து, இருக்கிற அசைவையும் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக, நீங்கள் மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கும்போது உங்களுக்குத் தெரியாமல் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லி வீட்டில் யாரிடமாவது கேளுங்கள். அதைக் கொண்டுவாருங்கள்.