அப்டேட் முடிந்தது, கம்ப்யூட்டர் எழவில்லை: அடுத்த ஒரு மணி நேரம்

"நான் ஒண்ணுமே பண்ணலை சார். அப்டேட் போடவான்னு கேட்டது, சரின்னு கொடுத்தேன். அவ்வளவுதான்."

கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். லேப்டாப்பை மேசைமேல் வைக்கும்போதே வந்துவிடும். நானும் நம்பிவிடுவேன், பெரும்பாலும் அது உண்மைதான். நான் துருவுவது அதற்கு அடுத்த கட்டத்தை. "ஆன் ஆகலைன்னு தெரிஞ்சதும் என்ன பண்ணீங்க?" என்பேன். அங்கேதான் குரல் இறங்கும். "பவர் பட்டனை நாலஞ்சு தடவை அழுத்திப் பார்த்தேன்... அப்புறம் சித்தப்பா பையன் வந்து ரீசெட்னு ஏதோ கொடுத்தான்..."

அப்டேட்டால் அடியோடு செத்துப்போன மெஷின்களை நான் பார்த்தது குறைவு. அப்டேட் சொதப்பிய பிறகு பதற்றத்தில் கைவைத்ததால் பத்து வருடப் படங்களும் கணக்குகளும் காணாமல் போனதைப் பார்த்தது நிறைய. விண்டோஸைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். உங்கள் கோப்புகளை யாரும் திரும்பப் போட்டுத் தர முடியாது. கோப்பு முதலில், விண்டோஸ் அப்புறம் என்கிற இந்த வரிசை மனதில் இருந்தால் போதும், பாதிச் சேதம் குறையும்.

முதலில், மெஷின் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பாருங்கள். திரையில் 27 சதவீதம் என்று காட்டி அரை மணி நேரம் அசையாமல் இருக்கிறது என்றால் அது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த எண்ணுக்கும் கடிகாரத்துக்கும் சம்பந்தம் கிடையாது. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள மெஷினில் ஒரே எண்ணில் ஒரு மணி நேரம் நிற்பது சாதாரணம். டிஸ்க் விளக்கு இருந்தால் அதைப் பாருங்கள். மினுக் மினுக்கென்று எரிந்தால் உள்ளே வேலை நடக்கிறது, விட்டுவிடுங்கள். சார்ஜரைச் செருகிவிட்டு இரண்டு மணி நேரம் வேறு வேலை பார்க்கப் போங்கள்.

இன்னொரு இடம் இருக்கிறது. அங்கேதான் ஆள் ஆளாகத் தவறு செய்கிறார்கள். அப்டேட் தோற்றுப்போனால் விண்டோஸ் தானே பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். "செய்த மாற்றங்களை நீக்குகிறோம், அணைக்காதீர்கள்" என்கிற பொருளில் ஒரு வரி வரும். இது அப்டேட்டைவிட அதிக நேரம் பிடிப்பதும் உண்டு. பொறுமை போய் பிளக்கைப் பிடுங்குவது சரியாக இந்த நேரத்தில்தான். பாதி பழையது, பாதி புதியது என்று கோப்புகள் கலந்துகிடக்கும் வேளை அது. சும்மா விட்டிருந்தால் காலையில் தானாகவே எழுந்திருக்கும்.

எழுத்து எதுவும் இல்லாமல் திரை வெறும் கறுப்பாக இருக்கிறதா? கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் மெஷினுக்கு மூச்சு இருக்கிறது, படம் மட்டும்தான் வரவில்லை. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்தினால் டிஸ்ப்ளே டிரைவர் மறுபடி துவங்கும். பல நேரம் ஒரு சின்ன பீப் சத்தத்தோடு திரை வந்துவிடும். வராவிட்டால் வேறு மானிட்டரை இணைத்துப் பாருங்கள்.

அப்புறம், செருகியிருக்கும் பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க், பிரிண்டர் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். சிரிக்காதீர்கள். ஒருவர் இரண்டு நாள் அப்டேட்டைத் திட்டிக்கொண்டே இருந்துவிட்டு சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்பக்கம் விரல் நகம் அளவுக்கு ஒரு பென் டிரைவ். மாதக்கணக்கில் அங்கேயே இருந்திருக்கிறது. மெஷின் ரீஸ்டார்ட் ஆனபோது முதலில் அதில் போய் விண்டோஸைத் தேடியிருக்கிறது, கிடைக்கவில்லை, நின்றுவிட்டது. பிடுங்கினேன், எழுந்தது. அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

அப்டேட்மேல் விழும் பழியில் கணிசமான பங்கு டிஸ்குக்குச் சேர வேண்டியது. லேப்டாப்பை நாம் யாரும் அணைப்பதில்லை, மூடித்தான் வைக்கிறோம். ஷட் டவுன் கொடுத்தாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் மெஷின்களில் விண்டோஸின் மையப்பகுதி நினைவகத்திலிருந்து டிஸ்குக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறது; மறுநாள் அதே நிலையில் எழுகிறது. முழுதாக அணைந்து புதிதாகத் துவங்குவது ரீஸ்டார்ட்டில்தான். பலருக்கு அந்த ரீஸ்டார்ட் வருவதே அப்டேட் புண்ணியத்தில்தான். அன்றைக்குத்தான் டிஸ்கில் ஆயிரக்கணக்கான கோப்புகள் எழுதப்படுகின்றன. ஏற்கெனவே தேய்ந்துபோன டிஸ்க் அந்தப் பாரத்தில் படுத்துவிடுகிறது. சில வாரங்களாகவே மெஷின் மெதுவாக இருந்தது, ஃபோல்டர் திறக்கவே நேரம் ஆனது, 'டிக் டிக்' என்று சத்தம் வந்தது என்றால் உங்கள் சந்தேகம் முதலில் டிஸ்க் மேல் விழட்டும்.

அப்படிப்பட்ட டிஸ்கில், டிஸ்கைச் சோதித்துச் சரிசெய்யும் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டு என்று சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். முழுச் சோதனையாக ஓட்டினால் அது டிஸ்க் முழுவதையும் மூலைமுடுக்கெல்லாம் படிக்க வைக்கும். நல்ல டிஸ்குக்குப் பிரச்சினை இல்லை. சாகக் கிடப்பதற்கு அதுவே கடைசி ஓட்டமாகிவிடலாம். முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள், அப்புறம் என்ன வேண்டுமானாலும் ஓட்டுங்கள்.

அதற்காக அப்டேட்டுகள் எல்லாம் உத்தமம் என்று சொல்ல வரவில்லை. 2018 ஜனவரியில் பிராசசரின் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க வந்த விண்டோஸ் அப்டேட், ஏஎம்டியின் பழைய சிப்கள் சிலவற்றில் மெஷினையே எழவிடாமல் செய்தது. மைக்ரோசாஃப்ட் அதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. 2024 ஆகஸ்டில் வந்த ஒன்று, விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருந்த பல மெஷின்களில் லினக்ஸைத் துவங்கவிடவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரியது 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பழுதான ஒரு சின்னக் கோப்பு, மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களை நீலப் பிழைத் திரையில் நிறுத்தியது. விமான நிலையங்களும் வங்கிகளும் திணறின.

அன்றைக்குத் தீர்வு என்னவோ எளிதுதான். அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் சேஃப் மோடில் நுழைந்து, சி-00000291 என்று துவங்கும் பெயருள்ள கோப்பை அழிக்க வேண்டும். ஒரு மெஷினுக்குச் சில நிமிட வேலை. ஆனால் ஒவ்வொரு மெஷினின் முன்னாலும் ஆள் போய் உட்கார வேண்டியிருந்தது. அதோடு பல இடங்களில் சேஃப் மோடுக்குள் போகும் முன்பே திரை கேட்டது: டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்கச் சாவி.

இந்தச் சாவி பற்றி நிறுத்தி நிதானமாகவே சொல்ல வேண்டும். வீட்டு லேப்டாப்காரர்கள் இப்போது அதிகம் மாட்டுவது இதில்தான். புது விண்டோஸ் 11 லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போட்டு முதல்முறை உள்ளே நுழையும்போதே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டுவிடுகிறது. யாரும் தனியாகக் கேட்பதில்லை. பூட்டின் ரகசியம் டிபிஎம் என்ற சிப்பில் இருக்கும். மெஷின் துவங்கும் விதம் வழக்கம்போல் இருக்கிறதா என்று அது ஒவ்வொரு முறையும் சரிபார்த்துத் திறந்துவிடும். மெஷினைத் துவக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கு அப்டேட்டோ வேறு ஏதோ வந்து அந்த விதம் மாறிவிட்டால் சந்தேகப்பட்டு நின்றுகொள்ளும். நீலத் திரை, நீண்ட எண் கேட்கும் பெட்டி. "யாரோ ஹேக் பண்ணிட்டாங்க, பணம் கேட்கறாங்க போல" என்று பயந்து வருபவர்கள் உண்டு. ஹேக் எதுவும் இல்லை. சொந்த வீட்டுப் பூட்டு சொந்தக்காரரிடமே சாவி கேட்கிறது, அவ்வளவுதான்.

சாவி பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பத்திரமாக இருக்கும். மொபைலில் அந்தக் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் ரெக்கவரி கீ என்பதைப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், நீலத் திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டு எது என்று கண்டுபிடிக்கலாம். அலுவலக லேப்டாப் என்றால் ஐடி துறையைக் கேளுங்கள். யார் கணக்கில் தேடுவது என்பதில்தான் சிக்கல். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் கணக்கில் நான்கு நாள் தேடியிருக்கிறார். லேப்டாப்பை வாங்கி முதலில் ஆன் செய்து கொடுத்தது யார் என்று கேட்டேன். "என் பொண்ணு." மகளுக்குப் போன் போட்டோம். அவர் கணக்கில் முதல் வரியிலேயே இருந்தது.

சாவி எங்குமே கிடைக்கவில்லை என்றால் என்னாலும் திறக்க முடியாது, வேறு யாராலும் முடியாது. திறந்து தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். பயாஸில் டிபிஎம்மைக் கிளியர் செய்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். சாவி கையில் இல்லாமல் அதைச் செய்தால் இருந்த கொஞ்ச வாய்ப்பும் போய்விடும். இன்னொன்று, மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான பிழைத் திரையில் தொலைபேசி எண் இருக்காது. எண் போட்டு 'உடனே அழைக்கவும்' என்று ஒரு திரை சொன்னால் அது மோசடி.

சரி, டிஸ்க் விளக்கும் அடங்கிவிட்டது, சதவீதமும் இல்லை, லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. இப்போது உள்ளே போகலாம். லோகோ தெரிந்ததும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். மறுபடி ஆன் செய்து அதையே ஒருமுறை செய்யுங்கள். மூன்றாவது முறை விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். அங்கே டிரபிள்ஷூட், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்.

பலரும் முதலில் தொடுவது ஸ்டார்ட்டப் ரிப்பேர். ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், கெடுதல் இல்லை. ஐந்து முறை ஓட்டுவதில் பயனும் இல்லை. அப்டேட்டுக்குப் பிறகுதான் பிரச்சினை என்று தெளிவாகத் தெரிந்தால் நான் நேராகப் போவது அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்ற இடத்துக்கு. குவாலிட்டி அப்டேட் என்பது மாதாமாதம் வருவது. முதலில் அதை நீக்குங்கள். ஃபீச்சர் அப்டேட் என்பது விண்டோஸின் பதிப்பே மாறும் பெரிய அப்டேட். அதை நீக்கிப் பழையதற்குத் திரும்ப வழக்கமாகப் பத்து நாள்தான் அவகாசம். அதற்குப் பிறகு பழைய விண்டோஸ் கோப்புகள் தானாக அழிக்கப்பட்டுவிடும். ஆகவே 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று மூலையில் வைத்துவிடாதீர்கள்.

இதுவும் உதவாவிட்டால் சேஃப் மோட், அப்புறம் மெஷினை முந்தைய ஒரு நாளின் நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரெஸ்டோர். பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரை வந்தால், பயாஸுக்குள் டிஸ்கைக் கையாளும் முறை (ரெய்டு, ஏஹெச்சிஐ என்று இருக்கும்) மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ரெய்டு என்று இருந்தது ஏஹெச்சிஐ ஆகியிருந்தால், பழையபடி மாற்றினாலே போதும்.

ரீசெட்டைத் தொடும் முன் கோப்புகளை எடுத்துவிடுங்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது, செய்து காட்டினால் பலரும் வியப்பார்கள். அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'நோட்பேட்' என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். சாதாரண நோட்பேட் வரும். ஃபைல், ஓபன் கொடுத்து, கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் டிஸ்க் முழுவதும் கண்முன்னே. சி டிரைவ் இங்கே டி என்றோ வேறு எழுத்திலோ தெரியலாம், குழம்ப வேண்டாம். யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருப்பதை வலது கிளிக் செய்து காப்பி. பென் டிரைவில் பேஸ்ட். பெரிய ஃபோல்டர் என்றால் திரை உறைந்ததுபோல் நிற்கும். நின்றால் நிற்கட்டும், ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

எடுத்தாகிவிட்டதா? இனி ரீசெட்டுக்குப் போகலாம். அங்கேயும் இரண்டு பொத்தான்கள். ஒன்று கோப்புகளை வைத்துக்கொண்டு புரோகிராம்களை மட்டும் நீக்கும். மற்றது எல்லாவற்றையும் துடைக்கும். அவசரத்தில் இரண்டாவதை அழுத்திவிட்டு வந்த ஒரு கல்யாண போட்டோகிராபரிடம் நான் சொல்ல வேண்டியிருந்ததை இங்கே எழுத விருப்பமில்லை.

லினக்ஸ்காரர்களுக்கு வழி சுலபம். மெஷின் துவங்கும்போது வரும் கிரப் பட்டியலில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் போனால் பழைய கெர்னல், அதாவது லினக்ஸின் பழைய மையப்பகுதி, இருக்கும், அதில் துவங்குங்கள். டிஸ்கில் கெர்னல்களுக்கான பூட் பகுதி நிரம்பிவிட்டதா என்று அப்புறம் பார்க்கலாம். ஆப்பிள் சிப் உள்ள மேக்கில் பவர் பட்டனை விடாமல் பிடித்தால் ரெக்கவரி திறக்கும். அதற்கும் அசையாவிட்டால் இன்னொரு மேக்கை இணைத்து ரிவைவ் செய்யச் சொல்லுங்கள். ரெஸ்டோர் என்று கொடுத்தால் எல்லாம் அழிந்துவிடும். இரண்டு சொல்லும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும்.

மெஷின் எழுந்துவிட்டால் அப்டேட்டை ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள், போதும். நிரந்தரமாக அடைத்துவிட்டுத் தாருங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் செய்து தருவதில்லை. ஓட்டை அடைக்கப்படாத மெஷினோடு அவர்கள் திரும்பி வரும்போது வேலை இன்னும் கஷ்டமாக இருக்கும்.

லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும் முன் பிட்லாக்கர் சாவியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்வேன். போன மாதம் ஒருவர் தாளை வாங்க மறுத்துவிட்டார்.

"வேண்டாம் சார், அப்பவே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுட்டேன்."

"எங்கே?"

"இதே லேப்டாப்லதான். டெஸ்க்டாப்ல."

தாளைச் சட்டைப்பையில் நானே வைத்து அனுப்பினேன்.