எக்செல்லில் கலர் தப்பாக விழுகிறதா? இலைக் கணக்கு எழுதுபவர்கள் கவனத்துக்கு

மாதக் கடைசியில் இலைப் பணம் (பச்சைத் தேயிலை கொடுத்தவர்களுக்கான தொகை) பட்டுவாடா நெருங்கினால் போதும், நீலகிரியில் கோத்தகிரியிலிருந்து மஞ்சூர் வரை ஒரே புகார்தான். "ஷீட்ல கலர் தப்பா வருது சார், எக்செல்லை அழிச்சிட்டு மறுபடி போட்டுத் தாங்க." போட்டுத் தரலாம். ஆனால் அந்த ஃபைலைத் திறந்ததும் அதே தப்பு அதே இடத்தில் நிற்கும். கண்டிஷனல் ஃபார்மேட்டிங் ரூல், அதாவது நிபந்தனை பொருந்தும் செல்லுக்குத் தானாகக் கலர் போடும் விதி, ஃபைலுக்குள் இருக்கிறது. மென்பொருளை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் அது அசையாது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரிவதை ரூல் பார்ப்பதில்லை. செல்லுக்குள் என்ன சேமித்திருக்கிறதோ அதைத்தான் பார்க்கிறது. எடைச் சீட்டைப் பார்த்து "18 கிலோ" என்று அடிக்கிறீர்கள். உங்களுக்கு அது பதினெட்டு. எக்செல்லுக்கு அது வெறும் எழுத்து. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எக்செல்லில் எழுத்துதான் எப்போதும் பெரியது. அதனால் "100 கிலோவுக்கு மேல் பச்சை" என்று ஃபார்முலாவில் ரூல் போட்டால் 18 கிலோக்காரரும் பச்சையாவார், 5 கிலோக்காரரும் பச்சையாவார். இதில் எக்செல்லுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை.

சரிசெய்ய, எடை இருக்கும் காலத்தை (மேலிருந்து கீழாகப் போகும் செல் வரிசையை) முழுவதும் தேர்ந்தெடுத்து ஃபார்மேட்டை ஜெனரலுக்கு மாற்றுங்கள். கன்ட்ரோல்+ஹெச் அழுத்தி, முன்னால் உள்ள இடைவெளியோடு " கிலோ" என்பதைத் தேடி, மாற்று இடத்தை வெறுமையாக விட்டு, ரீப்ளேஸ் ஆல் கொடுங்கள். செல்லின் ஓரத்தில் பச்சை முக்கோணத்தோடு இன்னும் எழுத்தாகவே கிடக்கும் எண்களுக்கு டேட்டா, டெக்ஸ்ட் டு காலம்ஸ், ஃபினிஷ். கிலோ என்று தெரிந்தே ஆக வேண்டுமென்றால் ஃபார்மேட் செல்ஸில் கஸ்டம் போய் 0" கிலோ" என்று கொடுங்கள். உள்ளே எண், வெளியே கிலோ.

(ஃபார்முலாக்களை இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன். ஷீட்டில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.)

அவுட்டர்ன் (பச்சை இலையில் எத்தனை சதவீதம் தேயிலைத் தூளாகிறது என்ற கணக்கு) காலத்திலும் இதே கதை. 22% என்று தெரியும் செல்லில் இருப்பது 0.22. "22-க்குக் கீழே சிவப்பு" என்று போட்டால் காலம் முழுக்கச் சிவக்கத்தான் செய்யும். ரூலில் 22% என்று எழுதுங்கள். 22.0% என்று தெரியும் செல் மட்டும் தனியாகச் சிவந்து நின்றால் உள்ளே 21.96% இருக்கிறது. ரவுண்ட் போடுங்கள், அல்லது அந்தச் சிவப்பு நியாயமானது என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

வெற்றுச் செல் ஃபார்முலாவில் பூஜ்யமாகக் கணக்காகும். இலை வராத நாளெல்லாம் "குறைவு" என்று சிவப்பது அதனால்தான். =ஆண்ட்(ஈஸ்நம்பர்(சி3), சி3<10) என்று எழுதினால் வெற்றுச் செல், எழுத்து இரண்டும் ஒரே அடியில் ஒதுங்கும்.

தேதி விஷயத்தில் விண்டோஸின் ரீஜன் அமெரிக்காவில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 13/05/2024 எழுத்தாகவே நிற்கும். 05/06/2024 மே 6 ஆகிவிடும். பாதித் தேதிகளுக்குக் கலர், பாதிக்கு இல்லை என்றால் இங்கேதான் தேட வேண்டும். ஜெனரல் ஃபார்மேட்டில் பார்த்தால் உண்மைத் தேதி ஐந்து இலக்க எண்ணாகத் தெரியும். 45292 என்றால் 2024 ஜனவரி 1. பாமினி எழுத்துருவில் அடித்த "நிலுவை"க்கும் கலர் வராது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், ரூலில் நீங்கள் எழுதியது யூனிகோடு.

அடுத்த தலைவலி காப்பி-பேஸ்ட். போன மாத ஷீட்டிலிருந்து பத்து ரோவை அப்படியே ஒட்டினால் அதன் ரூலும் கூடவே வரும். ஹோம், கண்டிஷனல் ஃபார்மேட்டிங், மேனேஜ் ரூல்ஸ் போய், மேலே உள்ள பெட்டியில் திஸ் ஒர்க்‌ஷீட் என்று மாற்றிப் பாருங்கள். மாற்றாவிட்டால் தேர்ந்தெடுத்த செல்லின் ரூல் மட்டும்தான் தெரியும். ஒரே ரூல் முப்பது துண்டாகச் சிதறிக் கிடப்பது அப்போதுதான் புரியும். ஒன்றை மட்டும் வைத்து, அப்ளைஸ் டு பெட்டியில் =$ஏ$3:$எஃப்$500 கொடுத்து, மற்றதை அழியுங்கள். இனி ஒட்டும்போது கன்ட்ரோல்+ஆல்ட்+வி, பிறகு வி, என்டர். மதிப்பு மட்டும் வரும். கலர் தப்பென்றால் அதன்மேல் இன்னொரு ரூல் போட்டு மறைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கையால் மஞ்சள் அடித்து மறைக்கவும் முடியாது. ரூல் பொருந்தும் செல்லில் ரூலின் கலர்தான் மேலே நிற்கும்.

கடன் நிலுவை உள்ளவரின் ரோ முழுவதும் சிவக்க வேண்டுமென்றால் =$டி3>0. டி-க்கு முன்னால் டாலர், 3-க்கு முன்னால் கூடாது. ரூலின் எல்லை ஏ2-வில் தொடங்கி ஃபார்முலா டி3 என்றிருந்தால் எல்லாமே ஒரு ரோ நழுவும். கடன் வாங்கியவர் வெள்ளையாக இருப்பார், அவருக்கு மேல் ரோவில் இருப்பவர் சிவந்திருப்பார். இலைப் பணத்தைப் பிடித்து வைத்த பிறகு இது தெரியவந்தால் ஊருக்குள் யார் பதில் சொல்வது?

கலர் மாறவே மாறாவிட்டால் எஃப்9 அழுத்துங்கள். அப்போது மாறினால் ஃபார்முலாஸ், கால்குலேஷன் ஆப்ஷன்ஸில் ஆட்டோமேட்டிக் வையுங்கள். முதலில் திறந்த ஃபைல் மேனுவலில் இருந்தால் பின்னால் திறப்பவையும் மேனுவலாகிவிடும்.

இரட்டைப் பதிவைப் பிடிக்கப் பெயருக்கு டூப்ளிகேட் ரூல் போடாதீர்கள். ஒரே ஹட்டியில் (படகர் ஊரில்) மூன்று போஜன், இரண்டு நஞ்சன் இருப்பார்கள். உறுப்பினர் எண்ணுக்குப் போடுங்கள். வங்கிக் கணக்கு எண்ணுக்குப் போட்டால் இன்னொரு சிக்கல்: எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாகப் பிடிக்கும். 16 இலக்க எண்களில் கடைசி இலக்கம் மட்டும் வேறாக இருந்தால், எழுத்தாகவே வைத்திருந்தாலும் கவுன்டிஃப் (ஒரு மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் ஃபார்முலா) இரண்டையும் ஒன்றென்று சொல்லும். =சம்ப்ராடக்ட்(--($பி$3:$பி$500=பி3))>1 என்று எழுதுங்கள், காலத்தை டெக்ஸ்ட் ஃபார்மேட்டில் வைத்துவிட்டு எண்ணை அடியுங்கள். ஏற்கெனவே எண்ணாக அடித்திருந்தால் 16-ஆவது இலக்கம் 0 ஆகியிருக்கும். ஃபார்மேட்டை மாற்றினாலும் அது திரும்பாது. பாஸ்புக்கைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டியதுதான்.